தலை இடிபட்டவர்களின் அணி

ஞாயிறு பூசையில், இறுதி ஆசீருக்கு முன்னர் சுவாமியார் வாசிக்கும் அறிவித்தல்களில் கடைசியாக அது வந்தது. தீவக இளையோர் உதைபந்தாட்ட அபிவிருத்திச் சபை, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறதாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வரட்டாம். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டுமாம். சப்பாத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, பந்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வயிறு நிறைய என்பதை மட்டும் சுவாமியார் இரண்டு தரம் வாசித்தார், ஏனென்றால் சபை அதற்குக் கீழே கோடு போட்டு அனுப்பியிருந்தது.

நாரந்தனைக் கிறிஸ்தோப்பருக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. பாவம், சின்ன வயதிலிருந்தே கடலில் நின்ற மனிதர், சபைகளோடு பழகினவர் அல்ல. கோயிலுக்கு வெளியே வந்ததும் மனிசி மேரிறோசிடம், "கேட்டனீரே? பிள்ளையளின்ர சாப்பாட்டிலை கூட அக்கறையா இருக்கினம்" என்று சந்தோசப்பட்டார்.

அவர் சந்தோசப்படக் காரணம் இருந்தது. மகள் நிமலினிக்கு வருகிற தை மாதம் பதினாறு முடிகிறது. மாகாணப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள், தீவகச் சபை அணிக்கும் பெருநிலத்து அணிக்கும் வருடத்தில் ஒருமுறை நடக்கும் ஆட்டத்தைத்தான் வந்து பார்ப்பார்கள். தீவுப் பிள்ளை ஒருத்தி அவர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் சபை அணிக்குள் நுழைய வேண்டும். வேறு வழி கிடையாது. நிமலினிக்கு இதுதான் கடைசி வருடம்.

அவள் காலில் பந்து பட்டால் பிறகு மற்றவன் காலில் படாது. கோயில் வளவில் பெடியன்களோடு விளையாடி, அவர்களில் இரண்டு பேரை உதைபந்தாட்டத்தையே விடப்பண்ணினவள். ஆனால் ஆள் கொஞ்சம் கட்டை. கொஞ்சம் என்ன, நல்ல கட்டை.

இந்தக் கட்டை விசயம் சபைக்கு அந்த வருடம் ஏன் இவ்வளவு பெரிய விசயமாகிப்போனது என்பதைச் சொல்லவேண்டும். முந்திய வருடம் சபை அணி ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றது. ஏன் தோற்றோம் என்று ஆராயச் சபை ஒரு குழுவைப் போட்டது. குழுவில் ஒருவரும் ஆட்டத்தைப் பார்த்திருக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னர் இரண்டு அணியையும் சேர்த்து எடுத்த படம் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்தது. படத்தில் பெருநிலத்துப் பிள்ளைகள் பின்வரிசையில் நின்றார்கள், நம்முடைய பிள்ளைகள் முன்வரிசையில் குந்தியிருந்தார்கள். குழு மூன்று மாதம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எதிரணிப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு உயரம், தோல்விக்கு அதுவே காரணம் என்று முடிவு கொடுத்தது. அதற்கு வாழ்த்துத் தெரிவித்துச் சபை ஒரு மதியபோசனமும் வைத்தது.

சனிக்கிழமை காலை கிறிஸ்தோப்பர் மகளுக்குப் புட்டும் மீன்குழம்பும் முட்டையும் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மைதான வாசலில் இரண்டு பூவரசங் கதியால் தடிகளை நட்டு, அவற்றுக்குக் குறுக்கே ஒரு பனஞ்சலாகையைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் சபையின் தொழில்நுட்ப ஆலோசகர் நிலக்ஷன், கழுத்தில் இரண்டு விசிலோடு நின்றார். இணையத்தில் மூன்று நாள் பயிற்சி எடுத்த இளைஞர். காற்சட்டையில் கடைக்காரன் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

தெரிவு முறை மிகவும் இலேசானது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசலால் நடந்து வரவேண்டும். சலாகையில் நெற்றி இடிபட்டால் அணியில் இடம். இடிபடாமல் கீழால் போனால் வீட்டுக்குப் போகலாம்.

வேலணைப் பிள்ளை ஒருத்தி நல்ல உயரம். ஆனால் அதற்குக் கண் இருந்தது. சலாகைக்குக் கிட்ட வந்ததும் தலையைக் குனிந்துவிட்டது. நிலக்ஷன் விசிலை ஊதி, உயரத்தை மறைத்த குற்றத்துக்காக அதைத் திருப்பி அனுப்பினார். இப்படி, முன்னுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து நடக்கிற பிள்ளைகள் எல்லாம் கழிந்துபோக, நேரே போய் முட்டுகிற பிள்ளைகள் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டு உள்ளே நின்றார்கள்.

கம்சிகா என்றொரு பிள்ளை. தன் தங்கையைக் கொண்டுவந்து விட வந்தவள், யாருக்கோ தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு வாளியைப் பார்த்தபடி வந்து சலாகையில் மடாரென்று முட்டினாள்.

"எடுத்தாச்சு!" என்றார் நிலக்ஷன்.

"அண்ணை, நான் விளையாட வரேல்லை. நான் ஒருநாளும் பந்து அடிச்சதில்லை. தங்கச்சிதான் விளையாடுறவள்."

"தங்கச்சி இடிபடேல்லை. நீர் இடிபட்டனீர். போய் உள்ளுக்கு நில்லும்."

நிமலினி நடந்து வந்தாள். அவள் தலைக்கும் சலாகைக்கும் நடுவில் ஒரு சாண் வெளி கிடந்தது. அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு, திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

கிறிஸ்தோப்பர் கிட்டப் போனார். "தம்பி, பிள்ளையளுக்குப் பந்தை எப்ப குடுப்பியள்?"

"அண்ணை, உயரம் கடவுள் குடுக்கிறது, பந்து நாங்கள் பழக்கிறது. கடவுளின்ர வேலையை நாங்கள் செய்ய ஏலாது. எங்கட வேலையை நாங்கள் எப்பவும் செய்யலாம்."

"எப்ப செய்வியள்?"

"அது பேந்து பாப்பம்."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே சபைத் தலைவர் கதிர்காமு ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, காலையிலேயே போட்ட மாலை. யார் போட்டது என்று கேட்கக்கூடாது, அவரே கொண்டுவந்தது.

"முப்பது வருசம் அரசாங்கத்துக்குச் சேவை செய்தனான்," என்று அவர் தொடங்கினார். "இந்தச் சபையிலை பன்ரண்டு வருசம் தலைவரா இருக்கிறன். இண்டு வரைக்கும் ஒரு பந்தை நான் காலாலை தொட்டதில்லை. உதைபந்தாட்டம் ஒண்டையும் முழுசாப் பாத்ததுமில்லை. அதாலைதான் எனக்குப் பக்கச்சார்பு இல்லை. விளையாட்டுத் தெரிஞ்ச ஆக்களைச் சபைக்குள்ளை விட்டால், உடனை விளையாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவினம். சபை நடத்தேலாது."

சபையார் கைதட்டினார்கள். நெற்றி வீங்கின பிள்ளைகளும் தட்டினார்கள்.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து, கிறிஸ்தோப்பர் தலைவரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். கும்பிட்டார். அவருக்கு அதுதான் தெரியும். "ஐயா, என்ர பிள்ளை கட்டைதான். ஆனா நல்லா விளையாடுவாள். ஊருக்கே தெரியும்."

"காணும், நல்லா விளையாடுறது வேறை, தெரிவு வேறை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்." தலைவர் கொஞ்சம் இரங்கினார். "சரி, உயரம் குறைஞ்ச ஆக்களுக்கு நிறையிலை ஒரு சலுகை இருக்கு. நாப்பத்திரண்டு கிலோ நிண்டால் யோசிப்பம்."

நிறுப்பதற்குக் கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து மீன் தராசைக் கொண்டுவந்திருந்தார்கள். தராசோடு தராசுக்காரரும் வந்திருந்தார். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் இருக்கும் ஐசுக்கும் தண்ணீருக்கும் என்று பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழித்துத்தான் நிறை சொல்வார்கள். மீன் அப்போதுதான் கடலிலிருந்து வந்து துடித்துக்கொண்டிருந்தாலும் கழிவு கழிவுதான். நிமலினி தட்டில் ஏறி நின்றாள்.

"முப்பத்தொன்பது," என்றார் தராசுக்காரர். "ஐஸ் கழிவு நாலு. முப்பத்தைஞ்சு."

கிறிஸ்தோப்பருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? என்ர பிள்ளையிலை எங்கை ஐஸ் இருக்கு?"

"சங்கத் தராசிலை ஏறினால் சங்கக் கழிவு. உம்மட மீனுக்கு ஒருநாளாவது விட்டுத் தந்தனானே? இண்டைக்கு மட்டும் என்னத்துக்கு விடவேணும்?"

கிறிஸ்தோப்பர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் தராசுக்காரரை மெச்சிக்கொண்டிருந்தார். "ஒரு நடைமுறையை ஒரு ஆளுக்காக மாத்த ஏலாது காணும். அப்பிடி மாத்தினால் அதுக்குப் பேர் ஊழல்."

ஆனாலும் கிறிஸ்தோப்பர் விடவில்லை. அடுத்த கிழமை சபைக் கந்தோருக்கு நான்கு தரம் போனார். ஐந்தாம் தரம் போனபோது, அவரைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு மேன்முறையீட்டு விசாரணைக்கு ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை பந்தோடு தன் திறமையைக் காட்டலாம். சபையின் பந்து அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிப் பூட்டின் திறப்பு பொருளாளரிடம் இருந்தது. பொருளாளர் மகளின் கலியாணத்துக்குக் கனடா போயிருந்தார். ஆகவே நிமலினி தன் பந்தையே கொண்டுவந்தாள். அது சபை அங்கீகரிக்காத பந்து என்று நிலக்ஷன் முதலிலேயே பதிவு செய்தார்.

தலை இடிபட்டவர்களில் ஆறு பேரை அவளுக்கு எதிரே விட்டார்கள். நிமலினி முதலாவது பிள்ளையை இடப்பக்கம் போவதாகக் காட்டி வலப்பக்கத்தால் கழற்றினாள். இரண்டாவதை நின்ற இடத்திலேயே சுற்றவைத்தாள். கம்சிகாவின் கால்களுக்கு நடுவால் பந்தைத் தள்ளிவிட்டு, மறுபக்கம் ஓடி எடுத்துக்கொண்டாள். கம்சிகாவே, "ஐயோ, வடிவா இருக்கு, இன்னொருக்காச் செய்யுமன்" என்றாள். அவள் இன்னொருக்காவும் செய்தாள். கிறிஸ்தோப்பருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி இவர்கள் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தார்.

சபையைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நிலக்ஷன் தீர்ப்பை வாசித்தார்.

"போட்டியாளர் மற்றவையின்ர காலுக்கு நடுவாலை பந்தைக் கொண்டு போனதைச் சபை கண்டது. இது அவர் நிலத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கிறார் எண்டதுக்கு ஆதாரம். மேலும், ஆறு பேரும் அவரைத் தடுக்கேலாமல் போனதுக்குக் காரணம், குனிஞ்சு பாக்க வேண்டியிருந்தது. உயரமான ஆக்களைக் குனியப்பண்ணுறது எங்கட சபையின்ர கொள்கைக்கு மாறானது."

தலைவர் மட்டும் பெருந்தன்மை காட்டினார். நிமலினிக்கு ஒரு மாத வளர்ச்சி அவகாசம் வழங்கப்பட்டது. அந்த மாதத்துக்குள் வளரலாம், அல்லது நிறை கூடலாம், அவள் விருப்பம். இதைவிட ஒரு சபை என்ன செய்யவேண்டும்?

அந்த மாதம் நிமலினி பட்ட பாடு சொல்லி முடியாது. மேரிறோஸ் காலையில் முட்டை, மத்தியானம் மீன்தலை, பின்னேரம் ஒடியல் கூழ் என்று தீத்தினாள். கிறிஸ்தோப்பர் வீட்டுக் கூரை வளையில் கயிறு கட்டி, காலையும் மாலையும் மகளைத் தொங்கச் சொன்னார். தொங்கினால் நீளும் என்று யாரோ இறங்குதுறையில் சொன்னார்களாம்.

"அப்பா, எனக்குப் பந்து அடிக்கத் தெரியும். உவைக்குத் தெரியாது," என்றாள் நிமலினி, கயிற்றில் தொங்கிக்கொண்டே. "பிறகு நான் ஏன் தொங்கவேணும்?"

கிறிஸ்தோப்பர் கயிற்று முடிச்சை இன்னும் இறுக்கினார். "கொஞ்சம் பொறு பிள்ளை, இந்த ஒருக்கா" என்றார்.

மாத முடிவில் உயரம் ஒரு நூல்கூட மாறவில்லை. நிறை இரண்டு கிலோ கூடியிருந்தது, கழிவு போனால் அதுவும் காணாது. அப்போதுதான் மனிதர் அந்த விசர் வேலையைச் செய்தார். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக் குண்டுகளை எடுத்து, மகளின் காற்சட்டை விளிம்பைச் சுற்றி உள்ளுக்குள் வைத்துத் தைத்தார். ஒன்றிரண்டு அல்ல, கிலோக் கணக்கில். நிமலினி மாட்டேன் என்று அழுதாள். "கும்பிட்டுக் கேக்கிறன் மேளே, இதை விட்டால் உனக்கு வேறை வழி இல்லை" என்று அவர் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை.

மறுநிறுவையன்று அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தட்டில் ஏறினாள். தராசுக்காரர் முள்ளைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். பாரை மீனின் வாய்க்குள் ஈயத்தைத் தள்ளிவிட்டு நிறுக்கக் கொடுக்கிற ஆட்களை அவர் காலமெல்லாம் கண்டவர். சந்தேகமான மீனை ஒருதரம் தூக்கித் தட்டில் போடுவார். ஈயம் இருந்தால் டொக் என்று கேட்கும்.

"பிள்ளை, ஒருக்காத் துள்ளும்," என்றார்.

நிமலினி துள்ளினாள். டொக் என்று கேட்டது. அதோடு தையல் விட்டு, ஈயக் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டில் விழுந்து உருண்டன. மைதானம் முழுவதும் சிரித்தது. கிறிஸ்தோப்பர் குனிந்து அவற்றைப் பொறுக்கினார். நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

தலைவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது துக்கம். "மோசடி," என்றார். "நேர்மையான ஒரு விளையாட்டுக்குள்ளை மோசடியைக் கொண்டு வந்திட்டீர் காணும். நாங்கள் நிறையையும் உயரத்தையும் பாக்கிறதே விளையாட்டைக் காப்பாத்தத்தான்." நிமலினி அணிக்கு வாழ்நாள் முழுவதும் தகுதியற்றவள் என்று அறிவிக்கப்பட்டது. ஒழுக்கப் பயிற்சியாக, வருடாந்த ஆட்டத்தன்று தண்ணீர்ப் போத்தல் தூக்கவும் வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுக்கவும் அவள் வரவேண்டும்.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு கதைக்கவில்லை. கோபத்தில் பேசியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். பந்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கடலில் தனியே நிற்கும்போது கிறிஸ்தோப்பர் தன்னையே ஏசிக்கொண்டார். சபை மூடினது வாசலைத்தான், அதற்கு ஆணி அடித்தது தானல்லவா என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

சபை அணியோ மும்முரமான பயிற்சியில் இருந்தது. அணிவகுப்புப் பயிற்சி. பொருளாளர் இன்னும் கனடாவில் நின்றபடியால் பந்து வெளியே வரவில்லை. பிள்ளைகள் காலையும் மாலையும் நெஞ்சை நிமிர்த்தி இடம் வலம் நடந்தார்கள். எதிரணி எங்களைக் கண்டவுடனேயே பயப்படவேண்டும் என்பதுதான் நிலக்ஷனின் ஆட்டத் திட்டம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத் திட்டம் சொல்லவில்லை.

ஆட்டத்தை நெடுந்தீவில் வைத்தார்கள். ஏனென்றால் அங்கே வேறொரு விழாவுக்குப் போட்ட பந்தல் கழற்றாமல் நின்றது. பந்தல் இருக்கும் இடத்தில்தான் சபை இருக்க முடியும். சோளகக் காற்று கடுமையாக அடிக்கும் ஆனி மாதம். குறிகட்டுவான் துறையிலிருந்து புறப்பட்ட படகு, அலையில் ஏறி ஏறி விழுந்து கரை சேர்வதற்குள் பெருநிலத்துப் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டார்கள். சிலர் மைதானத்து மர நிழலில் விழுந்ததுதான், பிறகு எழும்பவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினொரு பேருக்கு ஒரு ஆள் குறைந்தது.

அவர்களின் பயிற்றுநர் றொஷானி ரீச்சர் மாகாண முகாமுக்கு ஆள் எடுப்பவர்களில் ஒருவர். நேரே பந்தலுக்கு வந்தார். "ஐயா, ஒரு பிள்ளை குறையுது. உங்கட மேலதிக பிள்ளையளிலை ஒராளை இரவல் தருவியளே?"

சபை அவசரக் கூட்டம் கூடியது. உயரமான பிள்ளை ஒன்றைக் கொடுத்தால் எதிரி பலப்பட்டுவிடுவான். நிலக்ஷன் தலைவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மலர்ந்தது.

"தண்ணிப் போத்தலோடை நிக்கிறாளே, உந்தக் கட்டைப் பிள்ளை, அவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார். ஒலிவாங்கி திறந்திருந்தபடியால் ஊர் முழுக்கக் கேட்டது. "அவள் போறதாலை எங்கட பக்கத்துக்கு ஒரு நட்டமும் இல்லை."

நிமலினி போத்தல்களைக் கீழே வைத்தாள். மரத்தடியில் கிடந்த பிள்ளை ஒன்று தன் சப்பாத்தைக் கழற்றி நீட்டியது. அவள் அதைப் போட்டுக் கட்டுவதைக் கிறிஸ்தோப்பர் தூரத்திலிருந்து கண்டார்.

தீவக அணியின் அணிவகுப்பு அபாரமாக இருந்தது. கைகள் ஒரே உயரத்தில் எழும்பின. சனம் விசிலடித்தது. பிறகு மத்தியஸ்தர் பந்தை நடுவில் வைத்தார். அணியில் சில பிள்ளைகள் இதைக் கிட்டத்தில் காண்பது அன்றுதான்.

முதல் கோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிமலினி பந்தை எடுத்தாள், போனாள், அடித்தாள். நடுவில் நின்றவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். மைதானம் அமைதியாகிவிட்டது. தீவகம் கோல் வாங்கினால் தீவுச் சனம் எப்படிச் சத்தம் போடும்? கிறிஸ்தோப்பர் இவ்வளவு காலமும் தீவகத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினவர். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். இரண்டாவது கோல் விழுந்தபோது கை தானாக விலகியது.

"அடி மேளே! அடி! இன்னும் அடி!"

"என்ன கிறிஸ்தோப்பர், நீர் எந்தப் பக்கம்?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"என்ர பிள்ளையின்ர பக்கம்," என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் பெரிதாகக் கத்தினார்.

எட்டுக்குப் பூச்சியம். எட்டில் ஐந்து நிமலினியின் காலிலிருந்து வந்தது. கம்சிகா ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அணியில் அன்று மனதார மகிழ்ந்தவள் அவள் ஒருத்திதான்.

றொஷானி ரீச்சர் கிறிஸ்தோப்பரைத் தேடி வந்தார். "அண்ணை, இந்தப் பிள்ளையை இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? முகாமுக்கு நான் எடுக்கிறன். ஆனா உங்கட சபை இவளை விலக்கினபடியால் தீவகப் பேரிலை பதிய ஏலாது. என்ர பள்ளிக்கூட விடுதியிலை சேத்தால் எங்கட பிள்ளையாப் பதியலாம். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கோ."

"பிறகு எப்ப வீட்டை வருவாள்?"

"லீவுக்கு வருவாள். பிறகு முகாம், பிறகு கொழும்பு. இனி அவளுக்கு அங்கைதான் அண்ணை."

நிமலினி பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் புழுதி. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "அப்பா, நான் போகட்டே?" என்று கேட்டாள்.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கி எடுத்த மாதிரி இருந்தது. ஊர் அணியில் விளையாடி, பின்னேரம் வீட்டுக்கு வந்து, குசினிக்குள் தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்கவேண்டிய பிள்ளை. தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தலில் தலைவர் முடிவுரையில் இருந்தார். "எட்டுக் கோலிலை ஐஞ்சு அடிச்சது தீவகத்துப் பிள்ளை. மிச்சம் மூண்டுதான் மற்றவை அடிச்சது. ஆகவே, ஐஞ்சுக்கு மூண்டு எண்ட கணக்கிலை தீவகம் வெண்டிருக்கு. இது எங்கட தெரிவு முறையின்ர வெற்றி. அந்தப் பிள்ளையைத் தெரிவு செய்யாமல் விட்டது ஆர்? நாங்கள். நாங்கள் விடாட்டில் அவள் அங்கை போய் அடிச்சிருப்பாளே?"

கைதட்டல் ஓய அவர் குரலைத் தாழ்த்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா எனக்கு ஒரு கவலை. எங்கட தீவுகளிலை இளம் பிள்ளையள் நிக்கினமில்லை. வீடுகள் பூட்டிக் கிடக்கு. பள்ளிக்கூடங்களிலை பிள்ளை இல்லை. எல்லாரும் போகினம். ஏன் போகினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. இப்ப, தீவகத்துக்குப் பெருமை தேடித் தந்த பிள்ளையின்ர தகப்பன் கிறிஸ்தோப்பரை மேடைக்கு அழைக்கிறன்."

யாரோ அவரைத் தள்ளிவிட்டார்கள். மேடையில் ஏறினதும் ஒரு மாலை கழுத்தில் விழுந்தது, ஒலிவாங்கி கைக்கு வந்தது. அவர் வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. மூச்சு விட்டதே ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இரைந்து அவரைப் பயப்படுத்தியது.

"ஐயா," என்றார். "சண்டை எங்களை எத்தினை தரம் ஊரை விட்டுக் கலைச்சது. சட்டி பானையோடை ஓடினனாங்கள், பிறகு திரும்பி வந்தனாங்கள். புயல் அடிச்சு வள்ளம் போனது, அப்பவும் நாங்கள் போகேல்லை. பஞ்சத்துக்கும் போகேல்லை." ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "திங்கட்கிழமை என்ர பிள்ளை போறாள். இனி வரமாட்டாள். அவளைக் கலைச்சது நீங்கள். நீங்கள், இந்தப் பந்தலுக்குள்ளை இருக்கிற நீங்கள்."

சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில், பெற்றோர் நன்றியுரை என்று போட்டிருந்தது.